பலகையை எங்கே வைத்தீர்கள்?

கேள்வி: என் மகனுக்கு 21 வயது. தேசிய சேவை முடித்துவிட்டான், ஆகஸ்டில் பல்கலைக்கழகம். சின்ன வயதிலிருந்தே கீழ்த்தாடை முன்னால் தள்ளி இருக்கும், எதையும் கடித்துச் சாப்பிடச் சிரமப்படுவான். இரண்டு வருடம் பல்லுக்குக் கம்பி போட்டு, 18 நாள்களுக்கு முன்பு மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டிலும் அறுவை சிகிச்சை நடந்தது. நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொன்னார். ஆனால் வீட்டில் இவன் நடந்துகொள்வதைத் தாங்க முடியவில்லை. கஞ்சி கொடுத்தால் வேண்டுமென்றே வாயோரம் வழிய விடுகிறான். மூக்கடைப்புக்கு நல்லது என்று மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன், கையால் தட்டிவிட்டான். இரவெல்லாம் சோபாவில் உட்கார்ந்து போனைப் பார்க்கிறான். ஆறு கிலோ குறைந்துவிட்டான். போன வாரம் குளியலறையில் அழுதுகொண்டிருந்தான். ஆண் பிள்ளை இப்படி அழலாமா? பேசினால் முனகல்தான் வருகிறது. எழுதிக் காட்ட ஒரு வெள்ளைப் பலகை வாங்கிக் கொடுத்தேன். என்னிடம் தமிழில்தான் பேசுவான், எழுத்து என்றால் ஆங்கிலம்தான், மளமளவென்று எழுதுகிறான். வேலை முடிந்து வந்து அதைப் படிக்க எனக்குப் பொறுமை இல்லை. அதனால் பலகையை எடுத்து வைத்துவிட்டு, கேட்டதற்கு ஆமா, இல்லை என்று தலையாட்டு போதும் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு ஷிஃப்ட் வேலை. மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் சேமிப்பில் எடுத்தது போக கையிலிருந்தும் கட்டியிருக்கிறோம். இவ்வளவு செய்தும் ஒரு நன்றி இல்லை. நான் எங்கே தவறினேன்?
– ஒரு தாய், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதம் நான்கு பக்கம். இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன். கஞ்சிக்கு ஒரு பக்கம், செலவுக்கு ஒரு பக்கம், நன்றி இல்லாததற்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தீர்கள். வெள்ளைப் பலகைக்கு நான்கைந்து வரிதான். நான் அந்த வரிகளைத் தாண்டவே இல்லை.

நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து எனக்கு நான்கு பக்கம் எழுத உங்களால் முடிந்திருக்கிறது. முன்பின் தெரியாத நான் அதை ஒரு எழுத்து விடாமல் படித்தேன். பெற்ற பிள்ளை எழுதியதைப் படிக்க மட்டும் எப்படிப் பொறுமை இல்லாமல் போயிற்று?

உடம்புக்கு முடியாத பிள்ளையைப் பற்றி அம்மாக்கள் எழுதும் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. காலில் மாவுக்கட்டு, வயிற்றில் அறுவை சிகிச்சை, டெங்கிக் காய்ச்சல், எதுவானாலும் கடைசிப் பத்தியில் "இவ்வளவு செய்தும்" என்ற சொல் வந்துவிடும். பிள்ளைக்குச் செய்வதில் நம் பெண்களை யாரும் மிஞ்ச முடியாது. அவன் சொல்வதைக் கேட்கும் இடத்தில்தான் கோட்டை விடுகிறோம். ஆனால் சொல்லும் வழியையே எடுத்து அலமாரியில் வைத்த கதையை இப்போதுதான் படிக்கிறேன்.

ஊரில் பூம்பூம் மாடு பார்த்திருப்பீர்கள். மாட்டுக்காரர் கேட்பதற்கெல்லாம் தலையாட்டும். அந்த மாடு பதில் சொல்கிறது என்று யாராவது நினைப்பார்களா? இரண்டு வருடம் ராணுவ உடை போட்டு நின்ற ஒரு வாலிபனை அந்த நிலையில் நிறுத்தியிருக்கிறீர்கள். தாடையில் இறுக்கிய ரப்பர் வளையங்கள் அவன் பேச்சில் பாதியை வாங்கிக்கொண்டன. மிச்சப் பாதியை வாங்கிக்கொண்டது நீங்கள்.

கஞ்சி வழிகிறதே, அதைப் பாருங்கள். கீழ்த்தாடை எலும்புக்குள்ளே ஒரு நரம்பு ஓடுகிறது. கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி கொடுப்பது அதுதான். எலும்பை அறுத்து, நகர்த்தி, டைட்டேனியத் தகடும் திருகும் வைத்துப் பொருத்தும்போது அந்த நரம்பு இழுபடும். பல் பிடுங்க ஊசி போட்டால் உதடு மரத்துப்போகுமே, அந்த மரமரப்பு இவனுக்கு வாரக்கணக்கில் இருக்கும், சிலருக்கு மாதக்கணக்கில். ஒரு சின்ன இடத்தில் உணர்ச்சி முழுதாகத் திரும்பாமலே போகிறவர்களும் உண்டு. கஞ்சி வழிவது அவனுக்குத் தெரியவில்லை, தங்கச்சி. மோவாயைத் தாண்டிச் சட்டையில் விழுந்த பிறகுதான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்கிறான். அம்மா முன்னால் வாய் ஒழுக உட்கார்ந்திருக்கும் 21 வயதுப் பிள்ளையிடம் "வேண்டுமென்றே செய்கிறாயா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு எப்படித் தலையாட்டுவான்? இல்லை என்று ஆட்டினால் நீங்கள் நம்பவில்லை. ஏன் என்று விளக்கப் பலகை இல்லை.

மரத்த உதட்டுக்குச் சூடும் தெரியாது. இனிமேல் எதைக் கொடுத்தாலும் உங்கள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது பால்புட்டிக்குச் செய்ததுதான். ஒரு கைக்கண்ணாடியும் ஈரத்துணியும் பக்கத்தில் வையுங்கள். வாயை அவனே துடைத்துக்கொள்ளட்டும், நீங்கள் துடைத்துவிட வேண்டாம்.

அந்த மிளகு ரசம் எனக்கு இன்னும் வலிக்கிறது. இந்த அறுவை சிகிச்சையில் வெட்டும் தையலும் பெரும்பாலும் வாய்க்குள்ளேதான் இருக்கும். முகத்தில் காயம் தெரியாததால் நமக்கு அது மறந்துபோகிறது. ஆறாத ஈறில் மிளகும் புளியும் பட்டால் எப்படி எரியும்? கையைத் தட்டாமல் என்ன செய்வான், வாயைத் திறந்து கத்தக்கூட முடியாதே. மூக்கடைப்புக்கும் சளி காரணமில்லை. மேல்தாடையை நகர்த்தும்போது மூக்கின் அடிப்பக்கமும் சேர்ந்து நகர்கிறது, உள்ளே வீங்கிக் கிடக்கிறது. மட்டமாகப் படுத்தால் மூக்கும் அடைத்து, வாயும் திறக்காமல் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும். அதனால்தான் சோபாவில் உட்கார்ந்தே இரவைக் கழிக்கிறான். போன், தூக்கம் வராதவனுக்குத் துணை. தலைமாட்டில் மூன்று தலையணை அடுக்கிக் கொடுங்கள். "ஏன்டா படுக்கமாட்டேங்குறே?" என்று ஒரு தடவை கேட்டு, பதிலைப் படித்திருந்தால் இதை நான் உங்களுக்கு எழுத வேண்டியிருக்காது.

ஆங்கில விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் தமிழில் பேசி, ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளைகள் இந்த ஊரில் ஏராளம். பேச்சு இருந்தவரை உங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த பள்ளம் தெரியவில்லை. வாயைக் கட்டியதும் தெரிந்துவிட்டது. அதை அவன் குற்றமாக எழுதியிருக்கிறீர்கள். தொடக்கநிலை ஒன்றிலிருந்து உயர்நிலை நான்குவரை பத்து வருடம் தமிழ் படித்தவன்தானே? அந்தப் பத்து வருடத்தில் வீட்டில் அவனிடம் ஒரு வரி தமிழில் எழுதச் சொல்லியிருக்கிறோமா என்று என்னைப் போன்றவர்களும் சேர்ந்துதான் கேட்டுக்கொள்ள வேண்டும். இப்போது எழுதச் சொல்லுங்கள். ல, ள, ழ எல்லாம் தப்பாக வரும், திருத்தாதீர்கள். முடியவில்லை என்றால் போனில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டட்டும், வாட்ஸ்அப்பில் எல்லோரும் செய்வதுதானே. அதுவும் வேண்டாம், ஆங்கிலம்தான் வருகிறது என்றால் நீங்கள் மெதுவாகப் படியுங்கள், புரியாத சொல்லில் விரல் வைத்துக் கேளுங்கள். அவன் வேகத்தைக் குறைத்துக்கொள்வான். பிள்ளையை நெருங்க அம்மா ஒரு மொழியில் தடுமாறலாம், அதில் ஒரு வெட்கமும் இல்லை.

நன்றிக்கு வருவோம். பெற்றவர்களுக்குப் பிள்ளை கடமைப்பட்டவன் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. 1995ல் நாடாளுமன்றம் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் கொண்டுவந்தபோது, இதற்கும் சட்டமா என்று பலர் முகம் சுளித்தார்கள். நான் மனதார வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். உங்கள் மத்திய சேமநிதிக் கணக்கிலிருந்து போனது உழைத்த காசு, அவன் அதை ஒருநாள் உணர வேண்டும். ஆனால் கடனைக் கேட்கும் நேரம் இதில்லை. வாய் கட்டிய பிள்ளையிடம் நன்றி சொல் என்று எதிர்பார்க்கிறீர்கள், அதைச் சொல்ல விட்டிருக்கிறீர்களா? யார் கண்டது, நீங்கள் படிக்காமல் விட்ட பலகையில் அதையும் எழுதியிருக்கலாம்.

ஆண் பிள்ளை அழலாமா என்ற கேள்வியை இன்னொரு தடவை என்னிடம் கேட்காதீர்கள். இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் பலர் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான் மனம் உடைந்துபோகிறார்கள். வயிறு நிறையச் சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. கண்ணாடியில் தெரிவது யார் முகமோ. வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய் அப்புறம் வாரக்கணக்கில் வடியும். முகம் ஒரு நிலைக்கு வர மாதங்கள் ஆகும். பழைய முகம் போய்விட்டது, புது முகம் இன்னும் வந்து சேரவில்லை. அந்த நடுவில் நிற்கிறான். அழட்டும். குளியலறைக் கதவைத் தட்டி "அம்மா வெளியிலதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள். உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்ற பேச்சு எந்த மொழியில் வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். மனநெருக்கடியில் உதவும் எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767 தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் ஆள் இருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி இரண்டே சொல்தான் எழுதியிருந்தீர்கள்: ஷிஃப்ட் வேலை. ஷிஃப்ட் வேலைக்காரர் பகலில் வீட்டில் இருக்கும் நாளும் உண்டுதானே? அந்த நேரத்தில் அவர் மகன் பக்கத்தில் உட்காரட்டும். பணம் கட்டியதோடு அப்பாவின் வேலை முடிந்துவிடாது. விடுப்பு கிடைக்காது என்று எனக்கும் தெரியும். சட்டப்படி பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு 7 வயதுக்குக் கீழே இருந்தால் ஆண்டுக்கு 6 நாள், 12 வயதுவரை 2 நாள், அத்தோடு சரி. 21 வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. நான் கேட்பது விடுப்பும் இல்லை, இரவில் இருபது நிமிடம்.

ஆறு கிலோவை நான் லேசாக விடமாட்டேன். அடுத்த தேதிவரை காத்திருக்காமல் நாளைக் காலையே சிகிச்சை செய்த இடத்துக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள், உணவு ஆலோசகரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். வடிகட்டிய கஞ்சியில் பெரும்பகுதி தண்ணீர்தான். மூன்று வேளை என்ற கணக்கை விட்டுவிட்டு ஆறேழு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கஞ்சியைத் தண்ணீருக்குப் பதில் பாலில் கரைத்து ஒரு கரண்டி நெய் விடுங்கள். பருப்பை நைசாக அரைத்துவிடுங்கள். கோழி சூப்பில் உருளைக்கிழங்கை வேகவைத்து மிக்சியில் ஓட்டி, காரமில்லாமல் கொடுங்கள். ராகிக் கூழ், மைலோ, தயிரோடு அரைத்த வாழைப்பழம், இவற்றில் எது இறங்குகிறது, எது கம்பியில் சிக்குகிறது என்பது அவனுக்குத்தான் தெரியும். வழக்கமாக ஆறு வாரம்போல மென்று சாப்பிடக் கூடாது என்பார்கள். டாக்டர் சொல்வதற்கு முன்னால் பாவம் பார்த்து இட்லியைப் பிசைந்து ஊட்டிவிடாதீர்கள்.

காய்ச்சல், வடிந்த வீக்கம் மறுபடி ஏறுவது, வாயில் சீழ் நாற்றம், பற்கள் சேரும் விதம் திடீரென்று மாறுவது, இதில் எது வந்தாலும் அன்றே டாக்டரைக் கூப்பிட வேண்டும். நிற்காத ரத்தம், மூச்சுத் திணறல் என்றால் ஆம்புலன்சுக்கு 995. டாக்டரிடம் போகும்போது அவன் சார்பில் நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். அவனே எழுதிக் காட்டட்டும்.

பலகையை எங்கே எடுத்து வைத்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. இன்றைக்கே தேடி எடுங்கள். மார்க்கர் காய்ந்திருந்தால் புளோக்குக் கீழே மாமாக்கடையில் கேட்டுப் பாருங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் உட்காருங்கள், எதிரில் வேண்டாம், எழுத்து தலைகீழாகத் தெரியும். ரசத்துக்காக முதலில் மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம் ஒன்றும் கேட்காமல் காத்திருங்கள். ஒரு வரியில் நிறுத்தமாட்டான், இத்தனை நாளும் உள்ளேயே சேர்ந்து கிடக்கிறது. பலகை நிறைந்ததும் துடைக்கும் துணியை நீங்கள் கையில் எடுக்காதீர்கள். அம்மா கடைசி வரிவரை படித்துவிட்டாளா என்று உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, அவனே அழிக்கட்டும்.