பழைய கார், புது பேட்டரி, மூன்றே மாதத்தில் கோளாறு: யார் மீது வழக்கு?

கேள்வி: என்னிடம் 1962 மாடல் கார் இருக்கிறது. டைனமோ (பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பழைய வகை ஜெனரேட்டர்) வண்டி, பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு இணையும். பேட்டரி அடிக்கடி இறங்கியதால் சார்ஜ் போடச் சொல்லி ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். "பழசு தேறாது" என்று என்னைக் கேட்காமலே புது பேட்டரி வாங்கி மாட்டி, பில்லில் சேர்த்துவிட்டார்கள். பழையதைத் திருப்பித் தரவில்லை. வண்டியை எடுத்த அன்றே டிரான்சிஸ்டர் ரேடியோ புகைந்தது. மூன்று மாதத்தில் புது பேட்டரியும் படுத்துவிட்டது. கேட்டால், "டைனமோ வண்டிக்கு வாரண்டி இல்லை" என்கிறார் பேட்டரி கடைக்காரர். "பேட்டரிதான் மோசம்" என்கிறது ஒர்க்‌ஷாப். நான் யாரைப் பிடிப்பது?

பதில்: யாரைப் பிடிப்பது என்பதை அந்தப் பேட்டரியே சொல்லும். அதனால் முதலில் அதைக் கைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "வெச்சிட்டுப் போங்க, சார்ஜ் போட்டுப் பார்க்கிறோம்" என்று கடையில் சொன்னால் சம்மதிக்காதீர்கள். சார்ஜ் ஏற்றிவிட்டால், அது எந்த நிலையில் செயலிழந்தது என்ற சாட்சியம் அழிந்துவிடும். கொடுத்தே ஆகவேண்டும் என்றால், வரிசை எண், தயாரிப்புத் தேதிக் குறியீடு, அப்போதைய வோல்ட் அளவு மூன்றும் எழுதிய ரசீதை வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

பேட்டரியைக் கழற்றுவதற்கு முன், எந்த முனை பாடியோடு இணைந்திருக்கிறது என்று தெரியும்படி படம் எடுங்கள். பிறகு எதையும் இணைக்காமல் ஒரு இரவு விட்டு, மல்ட்டிமீட்டரில் வோல்ட் பாருங்கள். நல்ல 12 வோல்ட் பேட்டரி முழுச் சார்ஜில் 12.6 முதல் 12.7 வரை காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. மூடி திறக்கும் வகையானால் உள்ளே இருக்கும் ஆறு செல்லையும் ஹைட்ரோமீட்டரில் (ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் கருவி) தனித்தனியே அளந்து எழுதுங்கள். இதை நீங்களே செய்வதைவிட, வழக்கில் சம்பந்தமில்லாத ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கொண்டு செய்து, தேதியும் கையொப்பமும் உள்ள அறிக்கையாக வாங்குவது நல்லது.

ஐந்து செல் 1.250 அருகே நின்று, ஒன்று மட்டும் 1.100 என்று விழுந்திருந்து, மொத்த வோல்ட் 10.5 அளவில் இருந்தால் அது பெரும்பாலும் பேட்டரிக்குள்ளேயே உள்ள கோளாறு. அப்போது கடைக்காரரும் தயாரிப்பாளரும் பதில் சொல்ல வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதைப் பொருளின் குறைபாடு என்கிறது. ஆறு செல்லும் ஒரே மாதிரி தாழ்ந்து, தண்ணீர் மட்டம் சரியாக இருந்தால் சார்ஜ் போதவில்லை. தண்ணீர் வற்றி, தட்டுகள் வெளியே தெரிந்து, பக்கங்கள் உப்பியிருந்தால் அளவுக்கு மேல் சார்ஜ் ஏறியிருக்கிறது. வேறொரு நல்ல பேட்டரியைச் சரியான முனைப்படி இணைத்து எஞ்சினைச் சற்று வேகமாக ஓட விட்டு அளந்தால், 15 வோல்ட்டைத் தாண்டும் ரெகுலேட்டர் (டைனமோ தரும் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பாகம்) பிடிபடும். கடைசி இரண்டு நிலைகளிலும் "வண்டிக் கோளாறு" என்ற கடைக்காரர் வாதம் நிற்கும். அங்கே உங்கள் குறி ஒர்க்‌ஷாப்தான்.

ரேடியோ புகைந்ததைப் பார்த்தால், பேட்டரியை நெகட்டிவ் எர்த் வண்டி போல மாற்றி இணைத்திருப்பார்கள் என்றே சந்தேகிக்கிறேன். "ஸ்டார்ட் ஆச்சு, லைட் எரிஞ்சுது, தப்பா மாட்டியிருந்தா ஓடியிருக்குமா?" என்று அவர்கள் தரப்பில் கட்டாயம் கேட்பார்கள். கேட்க நியாயமாகத் தோன்றும், ஆனால் பதில் எளிது. அந்தக் கால ஸ்டார்ட்டர் மோட்டாரில் காந்தமும் சுருள்தான். முனை மாறினாலும் அது அதே திசையில்தான் சுற்றும். பல்புக்கு முனையே கிடையாது. அடி வாங்குவது ரேடியோவும் டைனமோ சர்க்கியூட்டும்தான். டைனமோ தன்னிடம் எஞ்சிய காந்தத்தின் முனைப்படியே மின்சாரம் தரும்; பேட்டரி எதிராக இருந்தால், கட்-அவுட் (டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்தும் பிரித்தும் விடும் தானியங்கி சுவிட்ச்) மூடும்போது பெரும் மின்சாரம் பாய்ந்து காண்டாக்ட் கருகும், சில நேரம் ஒட்டியும் போகும். அதன் பின் சார்ஜே ஏறாது. ஆகவே கட்-அவுட் காண்டாக்டைப் படம் எடுங்கள். அம்மீட்டர் முள் தலைகீழாகக் காட்டுகிறதா என்பதையும் வீடியோவில் பதிவு செய்யுங்கள். படம் எடுத்த ஃபோனை வழக்கு முடியும்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.

சட்டப்படி, வண்டியை ஒப்படைத்த நிமிடத்திலிருந்து ஒர்க்‌ஷாப் அதன் பொறுப்பாளர். சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்ப்பது போன்ற கவனம் காட்ட வேண்டும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 151. கவனமாகத்தான் இருந்தோம் என்று காட்டும் சுமையும் அவர்களுடையது. ஒப்படைத்த பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்பது பிரிவு 160. பழைய பேட்டரிக்கு அது பொருந்தும். "கேட்காமல் மாட்டினார்கள்" என்பதை மட்டும் பெரிதாக நம்பாதீர்கள். பணம் கொடுத்து மூன்று மாதம் ஓட்டியதால் அந்த வாதம் நீர்த்துவிட்டது.

இருவரையும், தேவையானால் தயாரிப்பாளரையும், எதிர்தரப்பாகச் சேர்த்துப் ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். ஒருவரை விட்டுவிட்டால் மற்றவர் இல்லாதவர் மேல் பழி போடுவார். பேட்டரி விலை, ரேடியோ பழுது, டைனமோவும் கட்-அவுட்டும் சரிபார்க்கும் செலவு, பழைய பேட்டரியின் மதிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் எழுத்து மதிப்பீடு வேண்டும். பலனில்லை என்றால் நீங்கள் வசிக்கும் இடத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கோளாறு நேர்ந்ததிலிருந்து 2 ஆண்டு அவகாசம். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லிப் பிரிவு 38-இன் கீழ் கேட்கலாம். அந்தச் செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்: இந்தக் காரைக் கல்யாணத்துக்கோ ஷூட்டிங்குக்கோ வாடகைக்கு விடுகிறீர்களா? வணிக நோக்கம் என்று எதிர்தரப்பு நிரூபித்தால் நீங்கள் நுகர்வோரே அல்ல. சிவில் நீதிமன்றம்தான் கதி. பிழைப்புக்காக நீங்களே நடத்தும் சுயதொழில் என்றால் விலக்கு உண்டு, அதற்கும் ஆதாரம் வேண்டும்.