இஷ்யூவை மூடிவிட்டார்கள் என்பதற்காக கோடிங்கையே விடுவதா?

தம்பி, நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். ஒரு ஓப்பன் சோர்ஸ் திட்டத்தின் (யாரும் கோடைப் பார்த்துப் பங்களிக்கக்கூடிய மென்பொருள்) கோடு உன் கணினியில் பில்டு ஆகவில்லை (ஓடும் மென்பொருளாக மாறவில்லை) என்று அங்கே ஒரு இஷ்யூ, அதாவது பிழையோ கேள்வியோ சொல்லும் பதிவு, போட்டிருக்கிறாய். "டாக்குமென்டேஷனைப் படித்துவிட்டு வா" என்று ஒற்றை வரியில் பதில் போட்டு இஷ்யூவை மூடியிருக்கிறார்கள். வலிக்கத்தான் செய்யும். ஆனால் அதற்காக 'எனக்கு கோடிங் சரிப்படாது, டெஸ்டிங் பக்கம் போய்விடட்டுமா' என்று கேட்பது ரொம்ப அதிகம். (டெஸ்டிங் ஒன்றும் தோற்றவர்கள் ஒதுங்குகிற இடமில்லை, அதை இன்னொரு நாள் பேசலாம்.)

புதியவர்களிடம் எரிந்து விழுவது ஓப்பன் சோர்ஸில் பழைய வியாதி. லினக்ஸ் கெர்னலை (லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதி) உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே சக டெவலப்பர்களைக் கண்டபடி திட்டுவதற்குப் பேர்போனவர். 2018 செப்டம்பரில் அவரே அதற்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுக் கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்தார், அதே மாதம் கெர்னல் திட்டமும் புதிய நடத்தை விதிகளை ஏற்றுக்கொண்டது. அதனால் 'திட்டைத் தாங்குகிறவன்தான் டெவலப்பர்' என்று யாராவது உனக்குப் பாடம் எடுத்தால் நம்பாதே.

சரி, மறுபக்கமும் இருக்கிறது. மெயின்டெய்னர்களில் (திட்டத்தைப் பராமரிப்பவர்கள்) பலர் வேலை முடிந்து வந்து இரவில் சம்பளமில்லாமல் இதைப் பார்க்கிறவர்கள். 2020 ஹாக்டோபர்ஃபெஸ்டில் (ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பை ஊக்குவிக்க அக்டோபரில் நடத்தும் நிகழ்வு) 4 புல் ரிக்வெஸ்ட் (நாம் செய்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கை) அனுப்பினால் டி-ஷர்ட் என்றதும் ரீட்மீ எனும் அறிமுகக் கோப்பில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிவிட்டு ஆளாளுக்கு அனுப்பிக் குவித்ததில், நடத்தியவர்கள் நடுவிலேயே விதியை மாற்றி, விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டும் என்று ஆக்க வேண்டியதாயிற்று. இப்போது ஏஐ எழுதிக்கொடுக்கும் போலி பிழை அறிக்கைகள் வேறு. புதுப் பெயரைப் பார்த்தாலே அவர்களுக்குச் சலிப்பு வருவதன் பின்னணி இது. காரணம் புரிகிறது என்பதால் மரியாதைக் குறைவு சரியாகிவிடாது, ஆனால் அந்தப் பதில் உன் திறமையைப் பற்றியது இல்லை என்பதாவது உனக்குத் தெரிய வேண்டும்.

இப்போது உன் கேள்விக்கு வருவோம். "பில்டு ஆகவில்லை, யாராவது உதவுங்கள், அவசரம்" என்று எழுதி எர்ரரை ஸ்கிரீன்ஷாட்டாக ஒட்டியிருக்கிறாய். படத்தில் இருக்கிற எர்ரரை அவர்கள் காப்பி செய்து தேடக்கூட முடியாது, 'அவசரம்' என்பது உன் அவசரம், அவர்களுடையது இல்லை. இதையே "வெர்ஷன் இது, ஓஎஸ் இது, இன்ஸ்டால் பக்கத்தில் இருந்த முதல் இரண்டு கட்டளைகள் ஓடின, மூன்றாவதில் நிற்கிறது, முழு எர்ரர் கீழே, தற்காலிகக் கேஷ் கோப்புகளை அழித்துவிட்டும் பார்த்தேன், மாற்றமில்லை" என்று எழுதியிருந்தால் மூடுவதற்கு முன் ஒரு நிமிடமாவது யோசித்திருப்பார்கள். இப்படி எழுதிக்கொண்டிருக்கும்போதே பாதிப் பிரச்சினைக்கு விடை தெரிந்துவிடும் என்பது கூடுதல் லாபம்.

இவ்வளவும் செய்த பிறகும் 'இதுகூடத் தெரியாதா' என்று ஏளனம் செய்தால் பதிலுக்குப் பதில் கொடுக்காதே. நடத்தை விதிகள் இருந்தால் அதில் சொன்ன முகவரிக்குப் புகார் அனுப்பு, வேறு திட்டத்துக்குப் போ. இலவசமாக உழைத்துக் கொடுத்து அவமானமும் பட வேண்டும் என்று உனக்கு என்ன தலையெழுத்து?

அடுத்த திட்டத்தை, அது எவ்வளவு பிரபலம் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதே. மூடிய இஷ்யூக்களைத் திற, புதிதாக வந்தவர்கள் கேட்டதற்கு என்ன தொனியில் பதில் வந்திருக்கிறது, கடைசியாக ஏற்ற புல் ரிக்வெஸ்ட் போன வாரமா போன வருடமா என்று பார். புதியவர்களுக்கு ஏற்றது என்று குறிக்கும் 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' லேபிளை மட்டும் நம்பி இறங்காதே, ஒட்டிவிட்டு மறந்துபோன லேபிள்கள் நிறைய.

கூகுள் சம்மர் ஆஃப் கோட் (புதியவர்கள் உதவித்தொகையோடு ஓப்பன் சோர்ஸில் வேலை செய்யும் கூகுள் நிகழ்ச்சி) பற்றியும் கேட்டிருந்தாய். அது 2005 முதல் நடக்கிறது, 2022 முதல் மாணவர் அல்லாத புதியவர்களும் விண்ணப்பிக்கலாம், ஆகவே இந்த வருடம் விட்டால் போச்சு என்று பதற வேண்டாம். அங்கே வழிகாட்ட ஒரு மென்டர் இருப்பார், அதனால் கேள்வி கேட்பது தொந்தரவாகப் படாது. விண்ணப்பம் தொடங்கும் நாளில் போய் நிற்காமல், சில மாதங்கள் முன்பே ஒரு திட்டத்தில் சின்னதாக ஒரு பிழையைச் சரிசெய்து உன் பெயரை அவர்களுக்குப் பழக்கிவிடு. ரெஸ்யூமேயில் "ஓப்பன் சோர்ஸில் பங்களித்துள்ளேன்" என்ற வரியை எடுத்துவிட்டு அந்தப் புல் ரிக்வெஸ்டின் இணைப்பைப் போடு. ரிவ்யூவில் வந்த விமர்சனத்துக்கு நீ எப்படிப் பதில் எழுதியிருக்கிறாய் என்பதையும் நேர்காணல் எடுப்பவர் அங்கேயே படித்துக்கொள்வார்.