நிம்ராடும் தீக்குச்சி ஆட்டமும்

கேள்வி: கம்ப்யூட்டர் விளையாட்டு எல்லாம் 1970-களுக்குப் பிறகு வந்தவை என்று நினைத்திருந்தேன். 1951-லேயே விளையாடிக் காட்டுவதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் செய்தார்கள் என்கிறார் என் அண்ணன். நம்பலாமா?
- கல்லூரி மாணவி, கரூர்

பதில்: தாராளமாக நம்பலாம். அதன் பெயர் நிம்ராட். இங்கிலாந்தின் ஃபெராண்டி கம்பெனி செய்தது. 1951 மே மாதம் லண்டன் சவுத் கென்சிங்டனில் நடந்த அறிவியல் கண்காட்சியில் வைத்தார்கள். 12 அடி அகலம், 9 அடி உயரம். உள்ளே பழைய ரேடியோக்களில் இருந்ததைப் போன்ற வால்வுகள், 480. யோசனை சொன்னவர் ஜான் பென்னட் என்ற ஆஸ்திரேலியர்.

ஆடிய ஆட்டம் 'நிம்'. கணக்கு வாத்தியாராக இருந்த நாளில் பைனரி பாடத்தை, அதாவது எண்களை 1, 2, 4, 8 என்று இரட்டிக்கும் துண்டுகளாக உடைத்து எழுதும் முறையை, நான் இந்த ஆட்டத்தில்தான் தொடங்குவேன். தீக்குச்சிகளை 3, 4, 5 என்று மூன்று குவியலாக வையுங்கள். ஒரு முறைக்கு ஏதாவது ஒரே குவியலிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். கடைசிக் குச்சியை எடுப்பவர் ஜெயித்தார்.

இப்போது குவியல்களை அதே மாதிரி மனசுக்குள் உடைத்துப் பாருங்கள். 3 என்பது 2-ம் 1-ம். 4 அப்படியே 4. 5 என்பது 4-ம் 1-ம். நாலுக்கு ஜோடி இருக்கிறது, ஒன்றுக்கும் ஜோடி இருக்கிறது. இரண்டு மட்டும் தனியாக நிற்கிறது. முதல் குவியலிலிருந்து அந்த இரண்டு குச்சியை எடுத்துவிட்டால் எல்லாமே ஜோடி. எதிராளி எதை எடுத்தாலும் ஜோடி கலையும். நீங்கள் திரும்பச் சேர்த்துவிடலாம். ஹார்வர்டின் சார்லஸ் பௌட்டன் 1901-லேயே இதை நிரூபித்துவிட்டார்.

நிம்ராட் செய்ததும் இதே ஜோடி பார்க்கும் வேலைதான். எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது அதன் விளக்குப் பலகை. உள்ளே நடக்கும் கணக்கு பல்புகளில் எரிந்து காட்டும். விளக்கிச் சொல்பவருக்கு வசதியாக வேகத்தைக் குறைத்தும் வைக்கலாம். ஒரு இயந்திரம் 'யோசிப்பதை' ஜனங்கள் கண்ணால் பார்த்தார்கள்! பாடம் நடத்த இதைவிட நல்ல கரும்பலகை கிடைக்குமா? ஆனால் வந்தவர்களில் பலருக்குக் கணக்கில் நாட்டமில்லை, ஆட்டத்தில்தான் கண்.

அதே வருடம் அக்டோபரில் பெர்லினுக்குப் போனது. மேற்கு ஜெர்மனியின் பொருளாதார அமைச்சர் லுட்விக் எர்ஹார்ட் ஆடிப் பார்த்துத் தோற்றார். பிறகு அதைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். அருங்காட்சியகத்தில் வைத்திருக்க வேண்டிய பொருள், எனக்கு அது தாங்கவில்லை.

அண்ணனோடு இன்றே ஆடிப் பாருங்கள். 3, 4, 5 வைத்தால் முதலில் எடுக்கும் வாய்ப்பை நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.