ஜெபித்தும் பதில் இல்லை, ஆலயத்துக்குப் போகவே மனம் வரவில்லை. விசுவாசத்தில் எப்படி நிலைப்பது?

களியக்காவிளையில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போய், வீடு திரும்பும்போது ஜெபிக்கவும் தெம்பில்லை என்கிறீர்கள். அதை விசுவாசக் குறைவு என்று எண்ணவே வேண்டாம்.

வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19-ஐ எடுத்துப் பாருங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், சாகவேண்டும் என்கிறார். தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் தூங்குகிறார். தூதன் இரண்டாம் தரம் எழுப்பி மீண்டும் சாப்பிடச் சொல்கிறான். பேச்செல்லாம் அப்புறம்தான். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

நம் பக்கத்து நட்டாலத்தில் பிறந்து, விசுவாசத்துக்காக உயிர்விட்ட புனித தேவசகாயம் 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1749-ல் சிறைப்பட்டவர், 1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்படும்வரை விடுதலை பெறவில்லை. இடையில் வந்த நாட்கள் எத்தனை நீளமாக இருந்திருக்கும்!

சரி, இப்போதைக்கு என்ன செய்யலாம்? நீண்ட ஜெபத்தை விடுங்கள். 13-ம் சங்கீதம் ஆறே வசனம். ‘எதுவரைக்கும்’ என்று தாவீது கேட்பதை உங்கள் குரலில் சத்தமாகக் கேளுங்கள், அதுவும் ஜெபம்தான். ஞாயிறு ஆராதனைக்கு நம்பிக்கையான ஒருவரோடு சேர்ந்து போங்கள், பாடத் தோன்றாவிட்டால் சும்மா உட்காருங்கள். தூக்கமும் பசியும் பல வாரமாகக் கெட்டிருந்தால், போதகரிடம் பேசுவதோடு டாக்டரையும் தயங்காமல் பாருங்கள்.