சீலிங்குக்கு மேலே தொங்கும் புகைக்குழாய்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வெள்ளவத்தையில் பழைய மாடிவீடு. இரண்டு மாதத்துக்கு முன், தண்ணீர் சுடவைக்கும் 6 லீற்றர் காஸ் ஹீற்றர் ஒன்று வாங்கினோம். கடையால் அனுப்பிய ஆளே வந்து பூட்டினார். ஹீற்றர் சமையலறைச் சுவரில் இருக்கிறது. புகைக்குழாய் சீலிங்குக்கு மேலே ஏறி, மூன்று மீற்றர் அளவில் கிடையாகப் போய், பின்சுவரால் வெளியேறுகிறது. தண்ணீர்த் தாங்கியைப் பார்க்க ஏறிய பிளம்பர், குழாய் நடுவில் தொய்ந்து கிடப்பதாகவும் சீலிங் சிலாகையில் கட்டுக்கம்பியால் கட்டியிருப்பதாகவும் சொன்னார். கடையில் கேட்டால், "மெஷினுக்குத்தான் வொரண்டி, பூட்டின வேலைக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்கிறார்கள். இன்னும் இரண்டு இடத்தில் கம்பி போட்டு இழுத்துக் கட்டினால் போதுமா?

பதில்: போதாது. திருத்தி முடியும்வரை ஹீற்றரைப் போட வேண்டாம். சிலிண்டர் வால்வையும் மூடி வையுங்கள்.

குழாய் தொய்ந்தால் இரண்டு கேடு வரும். ஒன்று, பொருத்துகள் மெல்ல மெல்லக் கழன்று வரும். சமையல் காஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரியட்டும் என்று மணம் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் குறையாக எரிந்த காஸிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கழன்ற பொருத்தால் அது சீலிங்குக்கு மேலே நிறைந்து, பல்ப் துவாரங்களாலும் பலகை இடுக்குகளாலும் படுக்கையறைக்குள் இறங்கும். மற்றது தண்ணீர். ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி உண்டாகும். குழாய் குளிராக இருக்கும்போது அதில் ஒரு பங்கு குளிர்ந்து தண்ணீராகி, தொய்ந்த பள்ளத்தில் தேங்கும். தேங்கிய தண்ணீர் புகை போகும் வழியை அடைக்கும், தகரத்தை அரிக்கும். புகை சரியாக வெளியேறாவிட்டால் ஹீற்றருக்குள்ளேயே எரிதல் கெட்டுப்போகும். அப்போதுதான் காபனோரொட்சைட்டு கூடுதலாக வரும்.

கம்பி ஏன் உதவாது? அது குழாயை ஒரு கோட்டில் மட்டும் பிடிக்கிறது. மெல்லிய அலுமினியக் குழாயில் அந்த இடம் நசுங்கும். கட்டியிருக்கும் சிலாகையோ சீலிங் பலகையைத் தாங்கப் போட்ட துண்டு. அதில் வேறு பாரம் ஏற்றினால் ஆணி இளகும். பாரம் கைமரத்துக்கோ செங்கல் சுவருக்கோதான் போகவேண்டும்.

வேலை தொடங்க முன் ஹீற்றரின் வகையைப் பாருங்கள். மின்சாரப் பிளக் இருந்தால் பெரும்பாலும் உள்ளே விசிறி இருக்கும். அதற்கு ஓரளவு கிடைக்குழாய் தகும். பிளக் இல்லாமல் பற்றரி மட்டும் போட்டு, மேலே அகலமான குழாய் வைத்திருந்தால் அது சூடான புகை தானாக எழும்பிப் போகும் வகை. அதற்கு ஹீற்றரை விட்டவுடன் குறைந்தது 600 மில்லிமீற்றர் நேர்மேலே குழாய் போகவேண்டும். மூன்று மீற்றர் கிடையாக ஓடவிடுவது பிழை. எவ்வளவு நன்றாகத் தாங்கினாலும் அந்தப் பிழை திருந்தாது. குழாயின் பாதையையே மாற்றவேண்டும், அல்லது விசிறி வகைக்கு மாறவேண்டும்.

உங்களுடையது விசிறி வகை என்று வைத்துக்கொண்டு, குழாயைத் தூக்கிப் பிடிக்கும் தாங்கிகளின் கணக்கைச் சொல்கிறோம். முதலில் கையேட்டை எடுத்து, அதிகூடிய குழாய் நீளம் எவ்வளவு என்று பாருங்கள். பல கையேடுகள் ஒரு 90 பாகை எல்போவை (வளைவுத் துண்டை) ஒரு மீற்றர் நேர்க்குழாய்க்குச் சமமாக எடுக்கின்றன. ஆகவே உங்கள் மூன்று மீற்றரோடு எல்போக்களையும் கூட்டித்தான் பார்க்கவேண்டும். கணக்கு மீறினால் அந்த ஹீற்றருக்கு அந்த இடம் பொருந்தாது.

தாங்கி மீற்றருக்கு ஒன்று; அதுவும் ஒவ்வொரு பொருத்தின் கழுத்துக்கும் பக்கத்தில் வரவேண்டும். எல்போவுக்குப் பக்கத்தில் தனியாக ஒன்று. உங்கள் அளவுக்கு நான்கு போதும். ஒவ்வொன்றுக்கும் குழாயின் வெளிவிட்டத்துக்குச் சரியான இரண்டு துண்டு உலோகக் கிளிப் ஒன்று, எம்8 (8 மில்லிமீற்றர்) புரிக்கம்பி ஒரு துண்டு, நட்டு, வொஷர். கைமரம் சரியான இடத்தில் அமையாவிட்டால், இரண்டு கைமரத்துக்கு நடுவே இரண்டங்குலச் சதுர மரத்துண்டு ஒன்றைக் குறுக்கே இறுக்கி, அதிலிருந்து கம்பியை இறக்குங்கள். பிளாஸ்டிக் டை, பீவீசி கிளிப் எதுவும் வேண்டாம், சூட்டில் இளகிவிடும். கடற்கரைப் பக்க வீடு என்பதால் கிளிப்பும் கம்பியும் ஸ்ரெயின்லெஸ் ஆக இருக்கட்டும். உப்புக்காற்றில் மலிவான முலாம் கனநாள் நிற்காது. கிளிப்பைக் குழாய் அசையாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். குழாய் நசுங்கினால் பொருத்தில் உள்ள றப்பர் வளையம் சரியாக அமராது. மரத்துக்கும் குழாய்க்கும் இடையே 25 மில்லிமீற்றருக்குக் குறையாத இடைவெளி விடுங்கள். கையேடு கூடக் கேட்டால் அதையே விடுங்கள்.

சரிவில்தான் கனபேர் பிழை விடுகிறார்கள். இங்கே விற்கும் சாதாரண விசிறி வகைகளில் குழாய் வெளிப்பக்கமாகச் சற்றுத் தாழவேண்டும். தண்ணீரும் மழைச்சாரலும் வெளியே வடியட்டும். மீற்றருக்கு 1 முதல் 2 சென்ரிமீற்றர் என்றால் உங்கள் குழாய்க்கு 3 முதல் 6 சென்ரிமீற்றர். கண்மட்டத்தில் விடாமல், இரண்டு நுனியிலும் நூல் இழுத்துக் கட்டி, ஒவ்வொரு கிளிப்பையும் அந்த நூலுக்குக் கொண்டுவந்து நட்டை இறுக்குங்கள். (புகையின் தண்ணீரை உள்வாங்கி வடிக்கும் கண்டென்சிங் வகைகளில் சரிவு மறுபக்கம், ஹீற்றரை நோக்கி. அதையும் கையேடு சொல்லும்.)

குழாயையும் பாருங்கள். சமையல் புகைபோக்கிக்கு ஹாட்வெயார் கடைகளில் விற்கும், அக்கோடியன்போல் சுருங்கி விரியும் மெல்லிய அலுமினியத் தாள் குழாய் போட்டிருந்தால், அதைத் தாங்கிப் பயனில்லை. கழற்றி எறிந்துவிட்டு ஹீற்றர் தயாரிப்பாளரின் குழாயையே வாங்குங்கள். பொருத்துகளில் வெள்ளைத் தூள், துருக்கோடு, கரி, சீலிங்கில் மஞ்சள் வளையம் ஏதாவது தெரிந்தால் அந்தத் துண்டும் மாறவேண்டும்.

சீலிங் அஸ்பெஸ்டஸ் தகடு என்றால் கிரைண்டரால் வெட்டவோ துளைக்கவோ விடாதீர்கள்; அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆபத்து. பீடிங்கையும் திருகாணியையும் கழற்றி முழுத் தகட்டையும் இறக்கி, அந்த இடத்தில் திறந்து மூடும் பிளைவூட் கதவு ஒன்று வையுங்கள். பிரித்தானியாவில் அடுக்குமாடிகளில் மறைவாக ஓடும் புகைக்குழாய்களுக்குக் குறைந்தது 300க்கு 300 மில்லிமீற்றர் பார்வைக் கதவு கேட்கிறார்கள். எந்தப் பொருத்தும் கதவிலிருந்து 1.5 மீற்றருக்கு அப்பால் இருக்கக்கூடாது. இங்கும் அதைப் பின்பற்றுவது நல்லது. பார்க்க முடியாத குழாயை யாரும் பார்ப்பதில்லை.

இனிக் கடைக்காரர். பூட்டியவரைக் கடையே அனுப்பியிருந்தால் "எங்கள் பொறுப்பில்லை" என்ற பேச்சை ஏற்கவேண்டாம். தொய்ந்த இடத்தையும் கம்பிக் கட்டையும் கிட்டப்போய்ப் படம் எடுங்கள். பற்றுச்சீட்டு, வொரண்டி அட்டையின் பிரதிகளோடு கடைக்கு எழுத்தில் அறிவியுங்கள், திகதி போடுங்கள். சரிவராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளை விற்ற அல்லது சேவையை வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போகவேண்டும். உங்களுக்கு ஒரு மாதம்தான் மிச்சம். ஆலோசனைக்கு 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். திருத்தும் முன் படம் எடுக்க மறந்தால் காட்ட ஒன்றும் இராது.

கேள்வி: எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் சீலிங்குக்கு மேலே நல்ல இடம் இருக்கிறது, ஓட்டு இடுக்கால் காற்றும் வருகிறது. குழாயைச் சுவரை உடைக்காமல் அங்கேயே முடித்துவிடலாம் என்கிறார் பாஸ். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஓட்டு இடுக்கால் காற்று வந்தாலும், சீலிங் இடுக்கால் புகை கீழே வரும். ஈரத்தில் கைமரமும் உக்கும். குழாயின் வாய் திறந்த வெளியில் இருக்கவேண்டும். யன்னலுக்கும் காற்றுத் துவாரத்துக்கும் விட்டு விலகி, கையேடு சொல்லும் தூரத்தில்.

கேள்வி: குசினியில் காஸ் கசிவு அலாரம் இருக்கிறது. புகைக்குழாய் வீட்டுக்கு அது போதாதா?

பதில்: இரண்டும் வேறு. சமையல் காஸ் காற்றிலும் பாரமானது. அதனால் அந்த அலாரம் தரைக்குச் சமீபமாக, 30 சென்ரிமீற்றர் உயரத்துக்குள் இருக்கவேண்டும். காபனோரொட்சைட்டு ஏறத்தாழக் காற்றின் பாரமே. அதற்குத் தனி அலாரம் வேண்டும். வாங்கும்போது பெட்டியில் ஈஎன் 50291 என்ற தர இலக்கமும் காலாவதித் திகதியும் உண்டா என்று பாருங்கள். ஹீற்றரிலிருந்து கிடையாக 1 முதல் 3 மீற்றருக்குள், சுவரில் என்றால் கதவு யன்னல்களின் மேல்விளிம்புக்கும் மேலே, ஆனால் சீலிங்கிலிருந்து 15 சென்ரிமீற்றராவது கீழே. படுக்கையறையில் இன்னொன்று வைப்பதானால் படுத்திருப்பவரின் தலை உயரத்தில். மாதம் ஒருமுறை பொத்தானை அமத்திச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள்.