அம்மா தண்ணீர் குடித்தாரா?

கேள்வி: எனக்கு வயது 41. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் தங்கைக்குப் பிரசவ நேரம். உதவிக்கு அம்மா (67) போகிறார். வரும் 15-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இரவு 1.40-க்குச் சென்னையிலிருந்து விமானம். அன்று மாலை கிளம்பலாம் என்றிருக்கிறோம். ஒரு ஆளுக்காக டாக்சி பிடிப்பதா, பஸ்ஸில் கிளாம்பாக்கம் போய் அங்கிருந்து மாறுவதா, ரயிலில் எழும்பூர் போய் மெட்ரோ பிடிப்பதா என்று வீட்டில் ஒரே பேச்சு. வேன் எடுத்தால் மச்சினி குடும்பமும் வருவார்கள், போகிற வழியில் மாமல்லபுரம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் மனைவி. எனக்குத் திங்கள் காலை சிப்காட்டில் ஷிஃப்ட். அதனால் அம்மாவை விட்டதும் உடனே திரும்ப வேண்டும். அம்மாவால் எந்தத் தொல்லையும் கிடையாது. மூட்டு வலி உண்டு, பி.பி. மாத்திரை போடுகிறார், அவ்வளவுதான். போன வருடம் வேலூர் போனபோதுகூட முந்தின ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வந்தார். வழியில் ஒரு இடத்தில்கூட வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. தங்கை அவருக்கு ஜன்னல் ஓர சீட்டே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். எது நல்ல வழி?
— ஒரு வாசகர், கடலூர்

பதில்:

தம்பி, முதலில் டிக்கெட்டை எடுத்து இன்னொரு தடவை பாருங்கள். 15-ஆம் தேதி, 01:40 என்று இருந்தால் நீங்கள் கிளம்ப வேண்டியது சனிக்கிழமை. பன்னிரண்டு மணி அடித்ததும் தேதி மாறிவிடும். நீங்கள் ஞாயிறு மாலை கிளம்பித் திண்டிவனம் தாண்டும்போது, அந்த விமானம் சிங்கப்பூரில் இறங்கி அரை நாள் ஆகியிருக்கும். இந்தத் தப்பு அடிக்கடி என் கடிதக் கட்டில் வருகிறது. நாலு தடவை வெளிநாடு போனவர்களும் செய்கிறார்கள். இதற்காக உங்களைத் திட்ட மாட்டேன். திட்டப் போவது வேறொன்றுக்கு.

"முந்தின ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வந்தார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் எப்படி? அம்மாவுக்கு நற்சான்றிதழ் கொடுப்பது போல. தொல்லை இல்லாதவர், வண்டியை நிறுத்தச் சொல்லாதவர். அந்த வரியை எழுதும்போது உங்கள் கை கொஞ்சமாவது நின்றதா? 67 வயதுப் பெண், மூட்டு வலியோடு, ஒரு ராத்திரியும் அரைப் பகலும் நாக்கு வறண்டு உட்கார்ந்து வந்திருக்கிறார். எதற்கு? நாலு பேர் இருக்கிற வண்டியில் "கொஞ்சம் நிறுத்துப்பா, பாத்ரூம் போகணும்" என்று பெற்ற பிள்ளையிடம் சொல்ல வாய் வராமல். இதைத் தொல்லை இல்லை என்றா எடுத்துக்கொண்டீர்கள்?

இந்தத் தடவைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாட்டோடு தண்ணீரை நிறுத்துவார். சனிக்கிழமை பயணம், ராத்திரி விமான நிலையத்தில் காத்திருப்பு, 1.40-க்கு விமானம், அதற்குள் நாலு மணி நேரத்துக்கு மேல். ஞாயிறு காலை சிங்கப்பூரில் இறங்கும்போது 30 மணி நேரம் தாண்டியிருக்கும். இன்னொன்றும் சொல்கிறேன். பி.பி. மாத்திரை என்றீர்களே, அதில் சில வகைகளில் சிறுநீரை அதிகமாகப் பிரிய வைக்கும் மருந்து சேர்ந்திருக்கும். பயணம் என்றால் நிறைய அம்மாக்கள் அந்த மாத்திரையையும் சத்தமில்லாமல் டப்பாவிலேயே விட்டுவிடுவார்கள். வேலூர் போன அன்று உங்கள் அம்மா மாத்திரை போட்டாரா? தெரியாது, இல்லையா? கேட்டுப் பாருங்கள். பதில் சொல்வதற்கு முன் உங்கள் மனைவியின் முகத்தைப் பார்ப்பார். தலைசுற்றல், நீர்க்கடுப்பு, நெடுநேரம் கால் மடக்கி உட்கார்ந்ததில் காலில் ரத்தக் கட்டு, எதற்கு வேண்டுமானாலும் இது வாசலைத் திறந்துவிடும். பிரசவம் பார்க்கப் போகிறவர் தானே படுத்துவிட்டால் உங்கள் தங்கை யாரைப் பார்ப்பாள்?

என் அம்மாவும் இதே ரகம்தான். புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டிலிருந்து ஒரு காலை மதுரைக்குக் கிளம்பினோம். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். வாங்கி உதட்டை நனைத்துக்கொண்டார். நான் செருப்பு மாட்டக் குனிந்து நிமிர்வதற்குள் டம்ளர் திண்ணையில் கவிழ்ந்திருந்தது. பக்கத்தில் செம்பருத்தித் தொட்டி. மேல் மண் கறுத்து, ஓரத்தில் நுரை இன்னும் அடங்கவில்லை. அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே "போலாமா?" என்றார். அப்போது எனக்கு 46 வயது. அதற்கு முன்னால் எத்தனை ஊருக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன், எத்தனை தொட்டிக்கு அவர் தண்ணீர் ஊற்றியிருப்பார் என்று மதுரை போய்ச் சேரும்வரை நினைத்துக்கொண்டே போனேன். ஆகவே உங்களைத் திட்டும் தகுதி எனக்கு உண்டு.

சரி, வழிக்கு வருவோம். எது மலிவு, எது வேகம் என்பதை விடுங்கள். எதில் போனால் அம்மா பயமில்லாமல் தண்ணீர் குடிப்பார், அதை மட்டும் பாருங்கள்.

அப்படிப் பார்த்தால் வேன் முதலிலேயே கழன்றுவிடுகிறது. மச்சினி, அவர் வீட்டுக்காரர், பிள்ளைகள் என்று பத்துப் பேர் இருக்கிற வேனில் உங்கள் அம்மா வாயே திறக்க மாட்டார். வழியனுப்ப வருகிறவர்கள் உள்ளேயும் போக முடியாது. வாசலில் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் பார்த்துப் பயணியை மட்டும்தான் விடுவார்கள். மாமல்லபுரம் எங்கேயும் போய்விடாது. 1,300 வருடமாக அங்கேயேதான் இருக்கிறது. மச்சினி குடும்பத்தை இன்னொரு ஞாயிறு கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் மனைவிக்கு என் மேல் கோபம் வரும், வரட்டும்.

பஸ்ஸும் வேண்டாம். உங்கள் வயதில், தோளில் ஒரு பையோடு போகிறவருக்கு கிளாம்பாக்கம் சௌகரியம்தான். அங்கே இறங்கினால் ஊருக்குள் போகாமல் ஜி.எஸ்.டி. ரோட்டோடு நேராக விமான நிலையம் போய்விடலாம். ஆனால் பஸ் எங்கே நிற்கும் என்பது டிரைவர் கையில். அவர் நிறுத்துகிற மோட்டல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆண்கள் இருட்டுப் பக்கம் ஒதுங்கிவிட்டு வந்து டீ குடிப்பீர்கள். பெண்கள் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருப்பார்கள். "அம்மா இறங்கலியா?" என்று கேட்டால் "வேணாம்பா" என்று பதில் வரும். வேண்டாம் என்பதற்கு வேண்டாம் என்றுதான் அர்த்தம் என்று நினைக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மிச்சம் ரயில். உங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே சோழன் எக்ஸ்பிரஸ் நிற்கிறது. திருச்சியிலிருந்து மயிலாடுதுறை, சிதம்பரம் வழியாக வரும் பகல் வண்டி. மத்தியானத்துக்கு மேல் ஏறினால் சாயங்காலம் தாம்பரம். பெட்டியிலேயே கழிவறை இருக்கிறது. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. முன்பதிவு செய்யும்போது அன்றைய நேரத்தைப் பார்த்துக்கொண்டு, கதவுப் பக்கம் இருக்கை கிடைத்தால் வாங்கிவிடுங்கள். தாம்பரத்திலேயே இறங்கிவிட வேண்டும். எழும்பூர் வரை போய் மெட்ரோவில் திரும்பி வருவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. விமான நிலையத்துக்கு 2016-லிருந்து மெட்ரோ ஓடுகிறது, நல்ல வண்டி, ஆனால் அது நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு. தாம்பரத்திலிருந்து திரிசூலத்துக்கு மின்சார ரயிலும் உண்டு, ஸ்டேஷனுக்கு எதிரே விமான நிலையம். இரண்டு பெட்டியும் மூட்டு வலியுமாகப் படி ஏறி இறங்குவதை நினைத்தால் அதுவும் வேண்டாம். தாம்பரத்தில் ஒரு காரைப் பிடியுங்கள்.

சாயங்காலமே போய் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கடலூர்க்காரர்களுக்குத் தாம்பரத்திலிருந்து பல்லாவரத்துக்குள் ஒரு சொந்தம்கூட இல்லாமலா போகும்? சித்தியோ அத்தையோ, போன் பேசி வருடக்கணக்கான ஒரு பெரியம்மாவோ இருப்பார். மனஸ்தாபம் இருந்தால் இதுதான் சமயம், போனைப் போடுங்கள். அங்கே அம்மா குளித்து, ரசம் சாதம் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் காலை நீட்டிப் படுக்கட்டும். ராத்திரி 10 மணிக்குக் கிளம்பினால் போதும். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போவது வழக்கம், பத்தரைக்கு வாசலில் இருப்பீர்கள்.

நிஜமாகவே சொந்தம் யாரும் இல்லை என்றால் டாக்சி. அம்மாவும் நீங்களும் மட்டும். சுமார் 170 கிலோமீட்டர். மாலை 4.30-க்குக் கிளம்புங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை பார்க்க அழகு, ஆனால் இருட்டின பிறகு மரக்காணத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவில் ஒரு பெண்மணியை நம்பி இறக்கிவிட எங்கே இடம் தேடுவீர்கள்? கோவளத்தில் திரும்பி, கேளம்பாக்கம், வண்டலூர் என்று சுற்றவும் வேண்டும். புதுச்சேரி, திண்டிவனம் வழியே போங்கள். பெரிய பெட்ரோல் பங்க்கும் ஓட்டலும் வரிசையாக உண்டு. திண்டிவனத்தில் ஒன்று, மேல்மருவத்தூர் பக்கம் ஒன்று, செங்கல்பட்டு தாண்டுவதற்குள் ஒன்று என்று மூன்று இடத்தில் நிறுத்தச் சொல்லி டிரைவரிடம் கிளம்பும்போதே, அம்மா காதில் விழும்படி சொல்லிவிடுங்கள். நின்றதும் "எனக்கு அவசரம்மா" என்று நீங்கள் முதலில் இறங்குங்கள். அம்மா கூடவே இறங்குவார். கூடுவாஞ்சேரியிலிருந்து பெருங்களத்தூர் வரை நெரிசலில் ஊர்ந்தாலும் நேரம் இருக்கும். மொரட்டாண்டி, ஆத்தூர், பரனூர் டோல்கேட் பணம் வாடகையில் சேர்த்தியா என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் அந்தச் சண்டையையும் அம்மா பார்க்க நேரும். "ஒரு ஆளுக்காக" என்று எழுதினீர்களே, அந்த ஒரு ஆள் பெற்றதுதான் தம்பி நீங்களும் உங்கள் தங்கையும்.

புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து விமானம் உண்டே என்று யாராவது உங்கள் காதில் போடலாம். பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் சின்ன விமானம் போகிறது. சென்னையிலிருந்து டிக்கெட் எடுத்தாகிவிட்டது, அதனால் அந்தப் பேச்சு நமக்கு எதற்கு?

விமான நிறுவனத்துக்கு இரண்டு நாளுக்கு முன்பே சொல்லிச் சக்கர நாற்காலி கேளுங்கள். மூட்டு வலி இருக்கிறவர் கேட்பதில் வெட்கம் எதற்கு? தள்ளிக்கொண்டு போகிறவர் குடியேற்றச் சோதனை, பாதுகாப்புச் சோதனை எல்லாவற்றையும் தாண்டி விமான வாசல் வரை கொண்டுபோய் விடுவார். வழியில் கழிவறை எங்கே என்று கேட்கவும் ஒரு ஆள் கிடைத்தது. கைப்பையில் காலி பாட்டில் ஒன்று வையுங்கள். தண்ணீரோடு பாதுகாப்புச் சோதனை தாண்ட முடியாது, உள்ளே போய்ப் பிடித்துக்கொள்ளலாம். மாத்திரை கைப்பையில், டாக்டர் எழுதிய சீட்டோடு. எந்த நேரத்தில் போடுவது என்று டாக்டரிடம் கேட்டு வையுங்கள். பிரசவ லேகியமும் நல்லெண்ணெயும் பெரிய பெட்டியில். சிங்கப்பூர் வருகை அட்டையைப் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் தங்கையே இணையத்தில் நிரப்பிவிடட்டும், அதற்குக் கட்டணம் இல்லை.

விட்டதும் திரும்ப வேண்டும் என்றீர்கள். திரும்பக் கூடாது. விமானம் கிளம்பும்வரை வெளியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருங்கள். உள்ளே ஏதாவது ஒரு காகிதம் சரியில்லை என்று நிறுத்தினால், 67 வயதில் தனியாக நிற்கிறவருக்கு வெளியே ஒரு பிள்ளை இருப்பது தெரிய வேண்டும். அப்புறம் கிளாம்பாக்கம் போய் பஸ் பிடித்தால் ஞாயிறு காலை வீட்டில் இருப்பீர்கள். முழு ஞாயிறும் தூங்கலாம். திங்கள் ஷிஃப்ட் என்ற சாக்கும் தேதி சரியானதோடு போய்விட்டது.

கடைசியாக அந்த ஜன்னல் சீட். மேகம் பார்க்கட்டும் என்று ஆசையாகத்தான் எடுத்திருப்பாள் உங்கள் தங்கை. ஆனால் அங்கே உட்கார்ந்தால் எழுந்து போக முன்பின் தெரியாத இரண்டு பேரை எழுப்ப வேண்டும். பெற்ற பிள்ளையிடமே கேட்காதவர் அவர்களிடமா கேட்கப் போகிறார்? நடைபாதை ஓர சீட்டாக மாற்றச் சொல்லி இன்றைக்கே தங்கைக்குப் போன் போடுங்கள். அம்மா பக்கத்தில் இருக்கும்போது போடாதீர்கள். "அதெல்லாம் எதுக்குடா, இதுவே போதும்" என்று குறுக்கே சொல்வார், நீங்களும் சரி என்று போனை வைத்துவிடுவீர்கள்.