புதிய அடுக்குமாடி வீட்டில் மறைந்திருந்த குறைகள்: செலவு யாருடையது?

கேள்வி (சத்துவாச்சாரி): ஐயா, வீட்டுச் சாவி பெற்று மூன்று ஆண்டுகள் ஆன நிலையில், குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவர் முழுவதும் ஓதம் ஏறிவிட்டது. கட்டுமான ஒப்பந்தத்தில் 12 மாதங்களுக்கு மட்டுமே பொறுப்பு என்று எழுதியிருப்பதால் செலவு எங்களுடையது என்கிறார் பில்டர். இது சரியா?

பதில்: சரியல்ல. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016-இன் 14(3) பிரிவின்படி, கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ உள்ள குறையை, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் நீங்கள் தெரிவித்தால், பில்டர் கட்டணம் ஏதுமின்றி 30 நாட்களுக்குள் அதைச் சரிசெய்து தர வேண்டும். தவறினால் இழப்பீடு கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 89-ஆம் பிரிவு இச்சட்டத்தை முரண்பட்ட பிற சட்டங்களுக்கு மேலாக வைத்திருக்கும்போது, ஒப்பந்தத்தின் ஒரு வரி அதைக் குறைத்துவிட முடியாது. ஆனால் குறை கண்ணில் பட்ட நாள் எதுவாக இருந்தாலும், காலக்கெடு ஒப்படைத்த நாளிலிருந்தே ஓடுகிறது. தொலைபேசியில் பலமுறை சொல்லியிருப்பதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். புகைப்படங்களுடன், சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும் வகையில் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) கடிதம் இன்றே செல்ல வேண்டும். முப்பது நாள் கடந்தும் பயனில்லையென்றால் சென்னையிலுள்ள தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தை அணுகலாம்.

கேள்வி (காட்பாடி): ஜன்னல் மூலையில் விரிசல் விழுந்துள்ளது. வெயிலால் வந்தது என்று பில்டர் சொல்கிறார். உடனே பூசி மூடிவிடலாமா?

பதில்: மூடாதீர்கள், அம்மா. வேலூர் வெயிலில், கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் மெல்லிய நேர்க்கோட்டு விரிசல் வருவது உண்டு. அது பெரும்பாலும் பூச்சோடு நின்றுவிடும். மூலையிலிருந்து சாய்வாக ஓடி நாளடைவில் அகலும் விரிசலும், விட்டத்தின் அடியில் துருக்கறையோடு தெரியும் விரிசலும் வேறு வகை. விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டித் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது என்று பொருள். அதன்பின் பில்டருடன் தொடர்பில்லாத கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரின் எழுத்து மூலமான அறிக்கையைப் பெறுங்கள். பழுதுபார்த்துவிட்டுப் பிறகு பணம் கேட்பவர்களிடம் பல நேரங்களில் சான்று எதுவும் மிஞ்சுவதில்லை என்பதே எனக்குப் பெரிய வருத்தம்.

கேள்வி (ராணிப்பேட்டை): எங்கள் கட்டடத்தில் ஆறு வீடுகளே உள்ளன, ஆணையத்தில் பதிவு இல்லை. வழியே கிடையாதா?

பதில்: உண்டு. எட்டு வீடுகளுக்கு மேற்படாத திட்டங்களுக்குப் பதிவு கட்டாயமில்லை என்பதால், நம் பக்கத்துச் சிறு கட்டடங்கள் பலவும் இந்நிலையில்தான் இருக்கின்றன. ஆனால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வீடு கட்டித் தருவதையும் சேவையாகவே கருதுகிறது. நீங்கள் செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். அங்கே காலவரம்பு 2 ஆண்டுகள் மட்டுமே என்பதால் பேச்சுவார்த்தையில் நாட்களைக் கழிக்க வேண்டாம்.

கேள்வி (குடியாத்தம்): முதல் உரிமையாளரிடமிருந்து வாங்கினேன். ஒழுகிய இடத்தை அவர் வண்ணம் பூசி மறைத்திருக்கிறார். அவரா, பில்டரா பொறுப்பு?

பதில்: இருவரையும் கேட்கலாம். 5 ஆண்டுகள் முடியவில்லையென்றால், பில்டரிடம் கேட்கும் உரிமை விற்பனை வழியாக உங்களுக்கும் வந்து சேர்கிறது. விற்றவரைப் பொறுத்தவரை, தாம் அறிந்திருந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையைச் சொல்ல வேண்டிய கடமையைச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு அவர்மீது வைத்திருக்கிறது. அவருக்கு அது தெரிந்திருந்தது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அவர் முன்பு அசோசியேஷனுக்கு எழுதிய புகாரோ, வண்ணம் பூசியவரின் ரசீதோ கிடைத்தால் பெரிதும் உதவும்.

கேள்வி (ஆற்காடு): மொட்டை மாடி ஒழுகுகிறது. மேல்தள வீட்டுக்காரர்களே செலவு செய்யட்டும் என்கிறார்கள் மற்றவர்கள்.

பதில்: மொட்டை மாடி பொதுப்பகுதி. 5 ஆண்டுகளுக்குள் என்றால் அசோசியேஷன் பெயரில் பில்டருக்கு எழுதுங்கள்; கடந்திருந்தால் பராமரிப்பு நிதியிலிருந்து எல்லா உரிமையாளர்களும் சேர்ந்தே செலவை ஏற்க வேண்டும்.

கேள்வி (தொரப்பாடி): குறை தீரும்வரை வங்கித் தவணையை நிறுத்தி வைக்கலாமா?

பதில்: கூடாது. கடன் உங்களுக்கும் வங்கிக்கும் இடையிலானது; நிறுத்தினால் பாதிக்கப்படுவது நீங்கள்தான், பில்டர் அல்லர்.